25.5ஆ, 62ஆ? ஒரே நாட்டுக்கு இரண்டு கினி எண்கள்

2025 ஜூலை முதல் வாரத்தில் மத்திய அரசு ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகளில் இந்தியாவுக்கு உலகிலேயே நான்காவது இடம், ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, பெலாரஸ் மூன்றும்தான் நமக்கு முன்னால் என்றது அந்தக் குறிப்பு. ஆதாரம், ஏற்றத்தாழ்வை அளக்க உலக வங்கி தந்த கினி எண் 25.5. அதே வரிசையில் சீனா 35.7, அமெரிக்கா 41.8. எண் குறைய குறைய சமத்துவம் அதிகம் என்று அர்த்தம். அமெரிக்காவைவிட நாம் சமத்துவ நாடா என்று சிலர் பெருமைப்பட்டார்கள், பலர் சிரித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், உலக வங்கி அதே ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட இந்தியா பற்றிய குறிப்பிலேயே 25.5க்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் இருந்தது. உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தின்படி இந்தியாவின் கினி 2004இல் 52, 2023இல் 62. முதல் எண் குறைவாக மதிப்பிடப்பட்டிருக்கலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே இருந்தது. செய்திக்குறிப்புக்கு வந்தபோது 25.5 மட்டும் மிஞ்சியது.

இந்த இரண்டில் எதுவும் பொய் இல்லை. ஒன்று செலவை அளக்கிறது, மற்றது வருமானத்தை அளக்கிறது. சொத்தை அளந்தால் மூன்றாவதாக ஓர் எண் வரும். ஏன் இப்படி என்பது புரிய, கினியை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பதுதான் நல்ல வழி. கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஐந்து வீட்டுத் தெரு

ஒரு தெருவில் ஐந்து வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம்: வீட்டுவேலை செய்பவர் 10,000 ரூபாய், காவலாளி 15,000, ஆட்டோ ஓட்டுபவர் 20,000, தனியார் பள்ளி ஆசிரியர் 30,000, கடைசி வீட்டில் ஜவுளிக்கடைக்காரர் 1,25,000. மொத்தம் 2,00,000.

முதலில் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்த வேண்டும். இங்கே ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது. அடுத்து, மொத்தத்தில் ஒவ்வொரு வீட்டின் பங்கு எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும்: 5, 7.5, 10, 15, 62.5. பிறகு இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்: 5, 12.5, 22.5, 37.5, 100. அதாவது, கீழே உள்ள நான்கு வீடுகளும் சேர்ந்து தெருவின் வருமானத்தில் 37.5 சதவீதம்தான் வைத்திருக்கின்றன.

இந்தப் புள்ளிகளைக் கட்டம் போட்ட தாளில் குறியுங்கள். கிடைக்கோட்டில் வீடுகள் (20, 40, 60, 80, 100 சதவீதம்), நிலைக்கோட்டில் கூட்டிய பங்கு. புள்ளிகளை இணைத்தால் தொங்கும் கயிறு மாதிரி ஒரு கோடு வரும். 1905இல் இதை வரைந்து காட்டிய அமெரிக்கர் மாக்ஸ் லோரன்ஸ், ஆகவே லோரன்ஸ் வளைகோடு. எல்லா வீட்டுக்கும் ஒரே வருமானம் என்றால் கயிறு தொங்காது, மூலைக்கு மூலை விறைப்பாக நிற்கும். தொய்வு எவ்வளவு என்பதை ஒரே எண்ணில் சொல்லும் முறையை 1912இல் இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ கினி தந்தார். (ஏற்றத்தாழ்வைப் பேசுகிறவர்கள் எல்லாரும் இன்று உச்சரிக்கும் இந்தப் பெயருக்கு உரியவர் முசோலினியின் ஆதரவாளர். அந்த ஆட்சியில் இத்தாலியின் புள்ளியியல் நிறுவனத்துக்குத் தலைவராகவும் இருந்தார்.)

தொய்வைக் கணக்கிட, வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு வேண்டும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளின் சராசரியை எடுங்கள்: 0க்கும் 5க்கும் நடுவில் 2.5, பிறகு 8.75, 17.5, 30, 68.75. கூட்டினால் 127.5. ஐந்து வீடு என்பதால் ஐந்தால் வகுத்தால் 25.5, அதாவது 0.255 (இந்தியாவின் 25.5க்கும் இதற்கும் சம்பந்தமில்லை). இதை இரட்டித்து 1இலிருந்து கழித்தால் 0.49. இதுதான் இந்தத் தெருவின் வருமான கினி. உலக வங்கி நூறால் பெருக்கி 49 என்று எழுதும்.

கணினியில் போடுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, வரிசைப்படுத்த மறப்பது. பெரிய வருமானத்திலிருந்து ஆரம்பித்தால் இதே தெருவுக்கு மைனஸ் 0.49 வரும். விடையில் கழித்தல் குறி வந்தால் வரிசையைத்தான் முதலில் பாருங்கள். இன்னொரு தவறு, வீட்டில் எத்தனை பேர் என்று பார்க்காமல் விடுவது. ஆசிரியர் வீட்டில் ஆறு பேர், வீட்டுவேலை செய்பவர் வீட்டில் இரண்டு பேர் என்றால் இரண்டு வீட்டிலும் தலைக்கு 5,000தான். அதனால்தான் கணக்கெடுப்புகள் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிட்டே வரிசைப்படுத்துகின்றன. மூன்றாவது, சின்னக் கூட்டத்தின் கினியைப் பெரிய நாட்டின் கினியோடு ஒப்பிடுவது. ஐந்தே வீடு இருக்கும் தெருவில், ஒரே வீடு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டாலும் கினி 0.8ஐத் தாண்டாது.

செலவை அளந்தால்

இப்போது அதே ஐந்து வீடுகளின் மாதச் செலவு: 10,000, 14,000, 18,000, 24,000, 34,000. மொத்தம் ஒரு லட்சம். மேலே செய்த அதே படிகளைச் செய்தால் கினி 0.232 வரும். 0.49 எங்கே, 0.232 எங்கே!

தெருவில் யாருக்கும் கூலி கூடவில்லை, எதுவும் கைமாறவில்லை. அளந்த பொருள்தான் மாறியது. வீட்டுவேலை செய்பவர் வருகிற பத்தாயிரத்தையும் செலவழித்தே ஆக வேண்டும். கடைக்காரருக்கு மாதம் 91,000 மீதி. அது நிலமாகவும் நகையாகவும் சீட்டாகவும் பங்காகவும் போகிறது, நுகர்வுக் கணக்கில் வராது. வயிறு எல்லாருக்கும் ஒரே அளவுதானே. வருமானத்தில் பன்னிரண்டரை மடங்காக இருந்த இடைவெளி, செலவில் 3.4 மடங்காகச் சுருங்கிவிட்டது.

இந்தியாவின் 25.5 இப்படிச் செலவிலிருந்து வந்த எண்தான். 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை நடந்த வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு, 2,61,746 குடும்பங்களிடம் அரிசி, பருப்பு, பெட்ரோல், பள்ளிக் கட்டணம், மிக்ஸி என்று நானூறுக்கு மேற்பட்ட இனங்களைக் கேட்டது. செலவைக் கேட்பதற்கு நியாயமான காரணம் உண்டு. விவசாயிக்கும் தினக்கூலிக்கும் சம்பளச் சீட்டு கிடையாது. போன வருஷம் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்றால் சரியாகச் சொல்ல முடியாது, போன வாரம் எண்ணெய் எவ்வளவு வாங்கினீர்கள் என்றால் சொல்லிவிடுவார்கள். வறுமையை அளக்க இதுவே நல்ல முறை. ரேஷனில் இலவசமாக வந்த அரிசி, பிள்ளைக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள், லேப்டாப் ஆகியவற்றுக்கு மதிப்புப் போட்டுச் சேர்க்கும் வேலையும் இந்தமுறை தனியாக நடந்தது. அரசு மருத்துவமனை சிகிச்சைக்கும் அரசுப் பள்ளிப் படிப்புக்கும் அப்படி மதிப்புப் போடவில்லை.

சிக்கல் ஒப்பிடும்போதுதான் வருகிறது. ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா போன்ற ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் தருவது வருமான கினி. நம் செலவு கினியை அதன் பக்கத்தில் வைத்து ரேங்க் போடுவது, ஒரு வீட்டு அரிசியைப் படியிலும் பக்கத்து வீட்டு அரிசியைக் கிலோவிலும் அளந்து யாருக்கு அதிகம் என்று சொல்வதுபோல. நான்காம் இடம் என்ற செய்தியில் பெரிய ஓட்டை இதுதான்.

இன்னொரு எண்ணையும் கவனியுங்கள். இந்தக் கணக்கெடுப்பின்படி, நகரத்தில் மேல்தட்டு 5 சதவீதத்தினரின் சராசரிச் செலவு தலைக்கு மாதம் 20,824 ரூபாய். நான்கு பேர் குடும்பத்துக்கு 83,000 சொச்சம். சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் தம்பதி இரண்டு குழந்தைகளோடு வாடகை, பள்ளி, கார் என்று இதை எளிதாகத் தொட்டுவிடுவார்கள். நாட்டின் பெருங்கோடீஸ்வரர்களும் இதே 5 சதவீதத்துக்குள்தான் இருக்க வேண்டும். அவர்களின் செலவு உள்ளபடி பதிவாகியிருந்தால் சராசரி இவ்வளவு கீழே நிற்குமா?

கடைசி வீட்டுக் கதவு

கணக்கெடுப்பாளர் அந்த வீடுகளுக்குப் போகவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நகரத்தில் வீடுகளைப் பிரிக்கும்போது 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார் வைத்திருப்பவர்களைத் தனிப் பிரிவாக்கி, அதிலிருந்தும் வீடுகளைப் பொறுக்குகிறார்கள். 10 லட்சம் ரூபாய்க் கார் இன்று யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதற்கு மேல் போனால் வேறு உலகம். நுழைவாயிலில் காவலாளி, குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி, மேலாளரின் தொலைபேசி எண். உணவு, மற்ற பொருள், நீடித்து உழைக்கும் பொருள் என்று மூன்று வினாத்தாளுக்கு மூன்று தடவை வர வேண்டும். கதவு திறக்காத வீட்டுக்குப் பதில் வேறொரு வீடு எடுத்துக்கொள்ளப்படும். எண்ணிக்கை குறையாது. உச்சி மட்டும் காணாமல் போகும்.

எல்லாரும் ஒத்துழைத்தாலும் மாதிரி எடுப்பதில் ஒரு எல்லை உண்டு. நாட்டில் ஏறத்தாழ 30 கோடிக் குடும்பங்கள். கேட்டது 2.6 லட்சம். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் குடும்பத்துக்கு ஒன்று. மிகப் பணக்காரர்கள் 10,000 பேர், அதாவது சுமார் 5,000 குடும்பம் என்று வைத்தால், அவர்களில் நாலைந்து வீடுதான் மாதிரியில் அகப்படும். அதிலும் இரண்டு வீடு கதவைத் திறக்காது.

உச்சி போனால் என்ன ஆகும்? நம் தெருவிலேயே பார்க்கலாம். கடைக்காரரை விட்டுவிட்டு மீதி நான்கு வீட்டு வருமானத்துக்கு மட்டும் கினி போடுங்கள். விடை 0.217. முன்பு 0.49. ஒரே ஒரு கதவு.

62 என்ற எண்ணைத் தந்த உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தள ஆய்வாளர்கள் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள். கீழே உள்ளவர்களுக்குக் கணக்கெடுப்பு, மேலே உள்ளவர்களுக்கு வருமான வரித் துறையின் புள்ளிவிவரம், மொத்தத்துக்கு நாட்டின் தேசிய வருமானக் கணக்கு, சொத்துக்கு ஃபோர்ப்ஸ் மாதிரியான கோடீஸ்வரர் பட்டியல்கள். இவற்றை ஒட்டவைத்துதான் பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட நால்வர் 2024 மார்ச்சில் இந்தியாவுக்கு 1922 முதல் 2023 வரையிலான தொடரை வெளியிட்டார்கள். ஒட்டு என்றால் ஒட்டுதான். வரிப் புள்ளிவிவரத்தை அரசு 2000வாக்கில் வெளியிடாமல் நிறுத்தி, 2016இல்தான் 2011-12க்கு மறுபடி தந்தது. இடைப்பட்ட வருஷங்கள் அனுமானம். வரி கட்டாமல் ஒளித்த பணம் எந்த ஆவணத்திலும் இல்லை. 62ஐ உறுதியான எண்ணாகப் பிடித்துக்கொண்டு சண்டை போட முடியாது என்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உச்சியைப் பற்றிய கேள்விக்கு, உச்சியைப் பார்க்கவே முடியாத எண்ணைவிட அரைகுறையாகப் பார்க்கும் எண் மேல். அரிசி பருப்புக் கேள்விக்கு 25.5 போதும்.

அந்தத் தொடரின்படி 2022-23இல் நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதம் மேல் 1 சதவீதத்தினரிடம். கீழே உள்ள பாதிப் பேருக்கும் சேர்த்து 15 சதவீதம். அதைவிட ஆச்சரியம் வேறொன்று. பெரியவர்கள் எல்லாரையும், சம்பாதிக்காதவரையும் சேர்த்து எண்ணினால், வருஷம் 2.9 லட்சம் வருமானம் இருந்தாலே ஒருவர் மேல் 10 சதவீதத்துக்குள் வந்துவிடுகிறார். மாதம் 24,000 சொச்சம்! மேல் 1 சதவீதத்துக்குள் நுழைய 20.7 லட்சம் வேண்டும். தன்னை நடுத்தர வர்க்கம் என்று சொல்லிக்கொள்ளும் பலர் கணக்கில் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள், அண்ணாந்து பார்த்தால் இன்னும் எத்தனையோ மாடி. உச்சியில் கோடு செங்குத்தாக எழும்புவதால் வரும் மயக்கம் இது.

ஊறும் நீரும் நிற்கும் நீரும்

வருமானம் என்பது கிணற்றில் ஊறும் நீர். சொத்து என்பது கிணற்றில் நிற்கும் நீர். நம் தெருவின் சொத்துக் கணக்கைப் பாருங்கள்: வீட்டுவேலை செய்பவரிடம் 50,000 ரூபாய் நகை, காவலாளியிடம் 1 லட்சம், ஆட்டோக்காரரிடம் 3.5 லட்சம், ஆசிரியரிடம் 15 லட்சம், கடைக்காரரிடம் 180 லட்சம். கினி 0.746. ஐந்து வீட்டுக்கு உச்சவரம்பே 0.8 என்பது நினைவிருக்கட்டும்.

நாட்டுக்கும் அப்படித்தான். 2019இல் எடுத்த அகில இந்தியக் கடன் மற்றும் முதலீட்டுக் கணக்கெடுப்பில், நகரச் சொத்தில் 55.7 சதவீதம் மேல் 10 சதவீதத்தினரிடம், 6.2 சதவீதம் கீழ்ப் பாதியிடம். இதுவும் கதவு திறந்த வீடுகளின் கணக்கு. பிக்கெட்டி குழுவின் ஒட்டுக் கணக்கில் 2022-23இல் மேல் 1 சதவீதத்தினரிடம் மட்டுமே 40.1 சதவீதம். உச்சியில் இருக்கும் ஏறத்தாழ 10,000 பேருக்குச் சராசரியாக ஆளுக்கு 2,260 கோடி ரூபாய். எல்லாப் பெரியவர்களின் சராசரி 13.5 லட்சம்.

சொத்து மிகப் பெரிதானால் வருமானமாகத் தெரிவதே குறைந்துவிடும். ஒரு கம்பெனியைத் தொடங்கி நடத்தும் முதலாளியிடம் (புரமோட்டர்) 1,000 கோடி மதிப்புள்ள பங்குகள் இருக்கின்றன என்று கொள்வோம். கம்பெனி லாபத்திலிருந்து பங்கு மதிப்பில் அரை சதவீதம் டிவிடெண்ட் தந்தால் 5 கோடி. வருமான வரிக் கணக்கில் வருவது அதுதான். அந்த வருஷம் பங்கு விலை 10 சதவீதம் ஏறினால் அவர் 100 கோடி கூடுதல் பணக்காரர். விற்காதவரை அது எந்தப் படிவத்திலும் வருமானம் இல்லை. கைச்செலவுக்கு வேண்டுமானால் பங்கை அடகு வைத்துக் கடன் வாங்கலாம், கடனும் வருமானம் ஆகாது. கார், ஓட்டுநர், விருந்தினர் மாளிகை எல்லாம் கம்பெனி பேரில் இருந்தால் அவை வீட்டு நுகர்விலும் வராது. செலவு கினி, வருமான கினி இரண்டுக்கும் அவர் தப்பிவிடுகிறார், எந்தச் சட்டத்தையும் மீறாமலே.

சொத்தைப் பதிவு செய்யும் ஏற்பாடு முன்பு இருந்தது. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கான எஸ்டேட் வரியை 1985இலும், ஆண்டுதோறும் கட்டும் சொத்து வரியை 2015 பட்ஜெட்டிலும் எடுத்துவிட்டார்கள். (வீட்டுக்கு மாநகராட்சி வாங்கும் வரி வேறு.) 2013-14இல் சொத்து வரியில் கிடைத்தது 1,008 கோடிதான், வசூலிக்கும் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று காரணம் சொன்னார்கள். பணக் கணக்கில் அது சரி. ஆனால் அந்தப் படிவங்களில் உச்சியில் இருப்பவர்களிடம் என்ன இருக்கிறது என்று அரசு நேரடியாகக் கேட்டது. வரி போனபின், அதிக வருமானம் காட்டுகிறவர்களிடம் மட்டும் வருமான வரிப் படிவம் சொத்து விவரம் கேட்கிறது. இன்று பங்குச் சந்தை விலையை வைத்துப் பத்திரிகைகள் போடும் பட்டியலைத்தான் ஆய்வாளர்கள் நம்ப வேண்டியிருக்கிறது.

கினிக்குத் தெரியாத ஒன்று

கினி, நடுவில் நடக்கும் மாற்றங்களுக்கு அதிகம் அசையும், இரண்டு ஓரத்துக்கும் குறைவாக அசையும். அதைச் சரிக்கட்ட சிலியைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் கப்ரியேல் பால்மாவின் பெயரில் ஒரு விகிதம் உண்டு: மேல் 10 சதவீதத்தினரின் பங்கைக் கீழ் 40 சதவீதத்தினரின் பங்கால் வகுப்பது. ஐந்தே வீட்டில் 10 சதவீதம் பிரிக்க முடியாது. கடைசி வீட்டை முதல் இரண்டு வீட்டால் வகுத்துப் பார்க்கலாம்: 1,25,000ஐ 25,000ஆல் வகுத்தால் 5. யாருக்கும் உடனே புரிகிற எண்.

இன்னொன்று, கினி விகிதத்தை மட்டுமே பார்க்கும், ரூபாயைப் பார்க்காது. பத்து வருஷத்தில் ஐந்து வீட்டு வருமானமும் சரியாக இரண்டு மடங்கு ஆகிறது என்று வையுங்கள். கினி அதே 0.49. ஏற்றத்தாழ்வு கூடவில்லை என்று அறிக்கை எழுதலாம். முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் நடுவே மாதம் 1,15,000 ரூபாயாக இருந்த இடைவெளி இப்போது 2,30,000.

அந்தத் தெருவில் அரை கிரவுண்டு விலைக்கு வருகிறது. ஆட்டோக்காரர் வருமானம் 20,000இலிருந்து 40,000 ஆகியிருப்பதால், இந்தமுறை வாங்கிவிடலாம் என்று புரோக்கரிடம் விலை கேட்கிறார். அந்த விலையை முடிவுசெய்வது மாதாமாதம் கடைக்காரர் கையில் மிஞ்சும் பணம். ஆசிரியர் வீட்டிலும் கேட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பத்திரம் கடைசி வீட்டுப் பேரில் பதிவாகிறது.